மழை விட்ட மறுநாள் மட்டம் பார்க்க வந்தவருக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், பங்காளிகளுக்கும், பெயர் தெரியாமலே ஓடிவந்து கை கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி மழையில் எங்கள் வீட்டின் பட்டாலைக் கூடம் சரிந்தது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் அன்று ராத்திரியே டார்ச்சோடு வந்து நின்றீர்கள். அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை. நேற்று டாக்டர் ஆத்தாவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "சளி இல்லை, இளைப்பும் இல்லை" என்றார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் எனக்குக் கை நடுங்கியது. அந்த நடுக்கம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டை விட்டு வர மாட்டேன் என்று ஆத்தா சொன்னதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அதனால்தான் பின்கட்டுத் தோட்டத்தில் அந்த வண்டி வந்து நின்றது. காரில் கோத்து இழுக்கிற கேரவன், 12 அடி நீளம், சினிமாக்காரர்களுக்கு ஓடி ஓய்ந்தது. நண்பர் ஒருவர் வாடகை வேண்டாம் என்று அனுப்பிவைத்தார். நம் செட்டிநாட்டுப் பக்கம் வீடுகளைப் படத்துக்கு விடுவது சகஜம் என்பதால், எந்த நடிகர் உள்ளே இருக்கிறார் என்று பிள்ளைகள் இரண்டு நாள் வாசலிலேயே நின்றார்கள். எட்டிப் பார்த்த எண்பத்தோரு வயது கதாநாயகியைக் கண்டு கலைந்து போனார்கள்.

வண்டியை நிறுத்தினால் ஆயிற்று என்று நினைத்தேன். செம்மண் தோட்டம், மழையில் ஊறியது. முதல் நாள் ராத்திரி மாத்திரை டப்பா தானாகவே மேசையிலிருந்து உருண்டது. கதவு சாத்தினால் திறந்துகொண்டது. ஆத்தாவுக்குத் தலைமாடு தாழ்ந்து, கால்மாடு உயர்ந்து, மூச்சு முட்டியது. மறுநாள் நானே வண்டியின் நாலு மூலையிலும் இருக்கிற இரும்புக் கால்களை முறுக்கித் தூக்கப் பார்த்தேன். ஒரு கால் வளைந்தது. ஒன்று மண்ணுக்குள் இறங்கியது.

அப்போதுதான் அவர் வந்தார். கொத்தனார் என்பதற்கு மேல் அன்றைக்கு அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அறுபது தாண்டியவர். டீ குடிக்கப் போனவர், சந்து வழியாக நான் படுகிற பாட்டைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார்.

"தம்பி, அந்தக் காலு தூக்குறதுக்கு இல்ல. ஆடாம நிக்கிறதுக்கு. பாரத்த சக்கரம்தான் தாங்கணும்."

இதற்கு முன் அவர் கேரவன் எதையும் தொட்டதில்லையாம். ஹேண்டில்பாரில் சுருட்டி மாட்டியிருந்த டியூபை எடுத்தார். நம் வீட்டுத் தரைக்கெல்லாம் மட்டம் பிடிக்கிற அதே டியூப்தான். உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரை ஊற்றி, ஒரு முனையை என் கையில் கொடுத்து இந்தச் சக்கரத்துக்கு மேலே பிடிக்கச் சொன்னார், மறு முனையோடு அவர் அந்தப் பக்கம் போனார். வலப் பக்கம் நாலு விரல்கடை தாழ்ந்திருந்தது. முதலில் இடம் வலம் சரி செய்ய வேண்டும், முன் பின் அப்புறம் என்றார். காரிலிருந்து கழற்றிவிட்டால் சக்கரத்தை நகர்த்திப் பலகை மேல் ஏற்ற முடியாதே. நான் அவசரப்பட்டு முந்தின நாளே கழற்றியிருந்தேன். மறுபடி காரை வரவழைத்துக் கோத்தோம்.

தாழ்ந்த சக்கரத்துக்கு அடியில் போட அகலமான பலகை வேண்டும், இல்லாவிட்டால் இந்த மண்ணில் மறுபடி இறங்கும் என்றார். சரிந்த பட்டாலையின் மரங்கள் ஓரமாக அடுக்கிக் கிடந்தன. பர்மா தேக்கு. அதில் ஒன்றைக் கையால் தடவிப் பார்த்தார், எடுக்கவில்லை. நேரே ஆத்தாவிடம் போய், "ஆச்சி, இதப் போட்டுக்கிரவா?" என்று கேட்டார். அது எங்கள் ஐயா காலத்து மரம். நான் கேட்டிருக்க மாட்டேன், எடுத்துப் போட்டிருப்பேன். ஆத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போட்டுக்கப்பா. கரையான் அரிக்காது" என்றாள்.

பலகை மேல் சக்கரத்தை ஏற்றி, முன்னும் பின்னும் செம்புறாங்கல் முட்டுக் கொடுத்து, அப்புறம்தான் காரைக் கழற்றவிட்டார். முன்பக்க ஜாக்கியைத் திருகும்போது சரிமட்டம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. ஓர் அங்குலம் வாட்டம் வேண்டுமாம், கூரைத் தண்ணீர் பின்னால் ஓடிவிட. ஆச்சிக்குத் தலைமாடும் மேடாகிவிடும். கடைசியாக மூலைக் கால்களை, வளைந்ததைத் தட்டி நிமிர்த்தி, மண்ணைத் தொடுகிற அளவுக்கு மட்டும் இறக்கினார்.

கிளம்பும்போது வாசற்படியில் கரிச்சட்டியைப் பார்த்தார். ராத்திரிக்குக் கணப்பு வைக்க நான் ஏற்பாடு செய்திருந்தேன். நம் ஊர் மார்கழி 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும், ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் தகரப் பெட்டிக்குள் விடிகாலை நாலு மணிக்கு, இளைப்பு உள்ள கிழவிக்கு அது போதும். "வளவு முத்தத்துல வைக்கலாம் தம்பி, மேல வானம். இது டப்பா" என்று சட்டியை அவரே தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் கவிழ்த்தார். சன்னல் எல்லாம் சாத்திய பெட்டிக்குள் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, மணமில்லை, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். இது நான் பள்ளியில் படித்த பாடம். படித்தவன் சட்டியோடு நின்றேன், அவர் கவிழ்த்தார். இதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

காசு வாங்கவில்லை. சர்க்கரை இல்லாத காபி ஒன்று குடித்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் உதவி என்று சொல்லி நன்றி எழுதியிருப்பேன். நாலாம் நாள் ராத்திரி விடாமல் கொட்டியது. காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். "மழ பெஞ்சுச்சுல்ல, இறங்கியிருக்கும்னு பாக்க வந்தேன்." யாரும் கூப்பிடவில்லை. இறங்கித்தான் இருந்தது, அரை விரல்கடை. அதற்கப்புறம் ஒவ்வொரு பெருமழைக்கும் மறுநாள் வந்தார். என் ஐம்பது வருஷத்தில் எனக்கு உதவியவர்கள் நிறைய. செய்த உதவி நிற்கிறதா என்று திரும்பி வந்து பார்த்தவரை நான் கண்டதில்லை. நான் யாருக்கும் அப்படிப் போய்ப் பார்த்ததும் இல்லை.

குளிருக்கும் வழி அவர் சொன்னதுதான். கூரைத் தகரம் ராத்திரியில் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகும், உள்ளே விடுகிற மூச்சின் ஈரம் அதில் படிந்து படுக்கையில் சொட்டும். மேலே தென்னங்கீற்று வேய்ந்தோம், சொட்டு நின்றது. வாடைக்காற்று அடிக்கிற வடக்கிலும் கிழக்கிலும் வண்டிக்கு அடியில் கீற்று மறைப்பு, தெற்கில் ஈரம் காயத் திறப்பு. மேல் சன்னல் எப்போதும் இரண்டு விரல் திறந்தே இருக்க வேண்டும். கனடாவில் இருக்கிற அக்கா மகனிடம் போனில் சொன்னேன். அங்கே பனியில் டிரெய்லரில் குடியிருப்பவர்களும் அடியைச் சுற்றி மறைப்புக் கட்டுவார்களாம், எரிவாயு ஹீட்டர் ஓடினாலும் காற்றுக்கு வழி விடுவார்களாம். "உங்க கொத்தனார் எங்க மாமா படிச்சார்?" என்று கேட்டான். விஷவாயு வந்தால் கத்துகிற அலாரம் ஒன்றையும் வாங்கி அனுப்பிவிட்டான்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எதிர்வீட்டு ஆச்சி ராத்திரி எட்டு மணிக்குத் தவறாமல் வெந்நீர்ப் பை கொண்டுவந்தார்கள். எலக்ட்ரீஷியன் தம்பி, நான் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஓட்ட இருந்த ஆயிரம் வாட் ஹீட்டரைப் பிடுங்கிவைத்துவிட்டுத் தனி ஒயர் இழுத்துக் கொடுத்தார். கீற்று முடைந்த மூன்று பெண்கள், ஆத்தங்குடித் தரைக் கல்லை உடையாமல் பெயர்த்து எண்ணி அடுக்கிய பையன்கள், பொங்கலுக்கு அப்புறம் வீட்டு வேலை தொடங்கப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பதினொரு புள்ளிகள், அதாவது வீட்டில் பங்குள்ள குடும்பங்கள். பதினொன்றும் ஒரே மாதத்தில் போட்டது இந்த வட்டகையிலேயே நடக்காத காரியம். எல்லோருக்கும் நன்றி.

கொத்தனாரே, நீங்கள் போன் வைத்துக்கொள்வதில்லை, உங்கள் பேத்தி படித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன். நானும் பத்து அடி டியூப் வாங்கிவிட்டேன். முந்தாநாள் மழைக்கு மறுநாள் பக்கத்து வீட்டுப் பையனை ஒரு முனை பிடிக்கச் சொல்லி நானே பார்த்தேன். கால் விரல்கடை இறங்கியிருந்தது, சரி செய்துவிட்டேன். அப்புறம் அவன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் தண்ணீர் நிற்கிறது என்றான், அங்கேயும் போய் வாட்டம் பார்த்தோம். நாளைக்குத் திரும்பப் போகிறேன். நீங்கள் வர வேண்டிய அவசியம் இல்லைதான். ஆனால் காலை ஆறு மணிக்கு ஆத்தா இரண்டு டம்ளர் எடுத்து வைக்கிறாள், ஒன்றில் சர்க்கரை போடுவதில்லை.