வேலிக்குக் கோடி கோடி, நீதிபதிக்கு உச்சவரம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் குடியேற்றக் கெடுபிடி பற்றிய உங்கள் கட்டுரையையும் அதற்கு வந்த கடிதங்களையும் படித்தேன். எல்லையில் சுவர் எழுப்பு என்கிறார் ஒருவர், ஊருக்குள் புகுந்து பிடி என்கிறார் இன்னொருவர். பிடித்த பிறகு என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சுவர் யோசனை புதிதல்ல. மெக்சிகோ எல்லையை ஒட்டிய நகரங்களான எல் பாசோவில் 1993-லும் சான் டியாகோவில் 1994-லும் காவலைக் குவித்தார்கள். நகரங்களை ஒட்டிய வழியை அடைத்துவிட்டால் பாலைவனத்துக்குப் பயந்து யாரும் வரமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. வந்தார்கள். அரிசோனாவின் வெயிலில் தண்ணீரில்லாமல் செத்தார்கள், ஆட்களைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டவைக்கும் ஏஜெண்டுகளின் கூலி எகிறியது, அதைவிட முக்கியமாக, அறுவடைக்கு வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த மெக்சிகோ தொழிலாளிகள் போனால் மறுபடி வர முடியாது என்று அங்கேயே தங்கி, பெண்டாட்டி பிள்ளைகளையும் வரவழைத்துக்கொண்டார்கள். விசாவில் விமானமேறி வந்து காலக்கெடு முடிந்தும் தங்குகிறவர்களைச் சுவர் தடுக்கவே போவதில்லை.

சரி, உள்ளே தேடுவது? பள்ளி, தேவாலயம், மருத்துவமனை போன்ற இடங்களில் கைது கூடாது என்றிருந்த கட்டுப்பாட்டை 2025 ஜனவரியில் நீக்கினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிற நிலைமைதான் இதனால் வரும். அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே வேலைக்கு வைக்கும் முதலாளிக்கும் தண்டனை உண்டு என்று 1986-லேயே சட்டம் போட்டாயிற்று, ஆனால் விலங்கு மாட்டப்படுவது பெரும்பாலும் தொழிலாளிக்குத்தான்.

நான் சொல்ல வந்தது நீதிமன்றத்தைப் பற்றி. தஞ்சம் கேட்டவர் இருக்கலாமா போகவேண்டுமா என்று முடிவுசெய்யும் குடியேற்ற நீதிமன்றங்களில் 30 லட்சத்துக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. நீதிபதிகள் ஆயிரம் பேர்கூட இல்லை. அந்த நீதிமன்றமும் நீதித்துறைக்குக் கட்டுப்பட்டதல்ல, அரசின் சட்ட அமைச்சகத்துக்குக் கீழே இருப்பது. எதிரே நிற்பது சின்னக் குழந்தையாக இருந்தாலும் அரசு செலவில் வக்கீல் கேட்க அதற்கு உரிமையில்லை. நியாயமாகத் தஞ்சம் கேட்டவரும் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார், காரணமே இல்லாமல் கேட்டவரும் அதே வருஷங்களை இலவசமாகப் பெறுகிறார். கடுமை வேண்டும் என்கிறவர்களுக்கும் இது நஷ்டம்தானே?

ஆனால் 2025 ஜூலையில் வந்த சட்டத்தைப் பாருங்கள். சுவருக்குச் சுமார் 4,650 கோடி டாலர், தடுப்பு முகாம்களுக்கு 4,500 கோடி டாலர். நீதிபதிகள்? 2028 நவம்பரிலிருந்து 800 பேருக்கு மேல் கூடாது என்று அதே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்! இதைப் படித்து எனக்கு ஆத்திரமே வந்தது. அடுத்த கட்டுரையைத் தயவுசெய்து இந்த நீதிமன்றங்களைப் பற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்