பெயர் குறிப்பிடாமல் விடப்பட்ட தாய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வெள்ளிக்கிழமை இணைப்பில் 'மை லெஃப்ட் ஃபுட்' திரைப்படம் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மூளை முடக்குவாதத்தோடு பிறந்து, தன் வசத்தில் இருந்த ஒற்றை இடது காலைக் கொண்டே எழுதவும் வரையவும் கற்றுக்கொண்ட டப்ளின் எழுத்தாளர் கிறிஸ்டி பிரௌனாக நடித்த டேனியல் டே-லூயிஸின் உழைப்பைக் கட்டுரையாளர் விரிவாகவும் நேர்மையாகவும் பாராட்டியிருந்தார். அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் அந்தப் படம் பெற்ற இரண்டு ஆஸ்கர் விருதுகளில் ஒன்றுதான் அவருடையது. மற்றொன்று கிறிஸ்டியின் அம்மாவாக நடித்தவருக்குக் கிடைத்தது. கட்டுரையில் அந்த அம்மையார் 'நாயகனின் தாய்' என்று ஒரே ஓர் இடத்தில் வருகிறார், பெயரே இல்லாமல். அவர் பெயர் பிரெண்டா ஃப்ரிக்கர்.

நான் வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பர்மா பஜாரில் என் மகன் வாங்கி வந்த குறுந்தகட்டில்தான் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். நிறைமாதக் கர்ப்பிணியாக இருக்கும் அம்மா, நடக்க முடியாத மகனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும் காட்சியில் ஃப்ரிக்கர் கைப்பிடியைப் பற்றும் விதத்தையும், மூச்சு வாங்க நின்று மறுபடி ஏறும் விதத்தையும் பார்த்தபோது, வியாசர்பாடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை இடுப்பில் சுமந்தபடி பேருந்து ஏறி எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு வந்த தாய்மார்கள்தான் என் கண்முன் வந்தார்கள். அவர்களில் யாரும் அழுது நான் பார்த்ததில்லை. வரிசையில் நின்றபடியே பிள்ளையை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஃப்ரிக்கரின் நடிப்பிலும் அதே சிக்கனம் இருந்தது. பிற்பகுதியில் மகன் மனமுடைந்து கிடக்கையில், அவனுக்கென ஓர் அறை வேண்டும் என்று முற்றத்தில் தானே செங்கல் அடுக்கத் தொடங்குகிறார் அந்தத் தாய். கொத்தனாரான கணவர் பொறுக்க முடியாமல் பிறகுதான் வந்து சேர்கிறார். ஆறுதலாக ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இத்தனை அன்பைக் காட்டிய காட்சிகள் மிகச் சிலவே என்பது என் கருத்து.

1990ஆம் ஆண்டு மார்ச்சில் நடந்த அந்த விருது விழாவில் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கரைப் பெற்று, அவ்விருதை வென்ற முதல் ஐரிஷ் நடிகையானார் ஃப்ரிக்கர். அப்போது அவருக்கு வயது 45. மேடையில் அவர் கிறிஸ்டியின் அம்மாவான திருமதி பிரௌனுக்கு நன்றி கூறி, 22 முறை பிள்ளை பெற்ற எவருக்கும் இந்த விருது தகும் என்ற பொருளில் பேசினார். தன் கையில் இருந்த விருதை, அந்தப் பாத்திரத்துக்கு மூலமாக வாழ்ந்த ஓர் ஏழைத் தாய்க்குச் சேர்ப்பித்த பேச்சு அது. அப்படிப்பட்டவரின் பெயரை நாம் விட்டுவிடுவது எனக்கு உறுத்துகிறது.

அதற்கு முன்னால் கால் நூற்றாண்டு காலம் அவர் பெரும்பாலும் சிறு சிறு வேடங்களில்தான் நடித்து வந்தார். 1945இல் டப்ளினில் பிறந்தவர். முதலில் ஐரிஷ் டைம்ஸ் நாளிதழில் வேலை பார்த்தவர். 1964இல் வெளிவந்த ஒரு படத்தில், பெயர்ப் பட்டியலில்கூட இடம்பெறாத சிறு வேடத்தோடு திரைக்கு வந்தவர். பிறகு அயர்லாந்துத் தொலைக்காட்சித் தொடர், லண்டன் நாடக மேடைகள் என்று நடந்த பயணத்தில் அவருக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்தது செவிலியர் வேடம் என்பது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. 1977இல் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் ஒரு ஸ்டாஃப் நர்ஸாக வந்தார். 1986இல் பிபிசி தொடங்கிய தொடருக்கு, நம் மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைப் பிரிவை இன்றும் எந்தச் சொல்லால் குறிக்கிறோமோ அந்தச் சொல்லே பெயர்: 'கேஷுவாலிட்டி'. அதில் மெகன் ரோச் என்ற நடுத்தர வயதுச் செவிலியராக அவர் ஆண்டுக்கணக்கில் நடித்தார். திரையில் வரும் செவிலியர் பெரும்பாலும் தட்டு ஏந்திக் கதவோரம் நிற்பவராகவோ மருத்துவரைப் பார்த்து நாணுபவராகவோதான் இருப்பார். மெகனோ குடும்பமும் கோபமும் களைப்பும் உள்ள உழைக்கும் பெண். இரவுப் பணி செய்தவர்கள் அந்தக் களைப்பை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். போகப் போக அந்தப் பாத்திரத்தின் கூர்மையைக் குறைத்துவிட்டார்கள் என்ற மனக்குறையோடு 1990இல் அவர் தொடரிலிருந்து விலகினார் என்று அறிந்தபோது, அவர் மீதிருந்த மதிப்பு இன்னும் உயர்ந்தது.

அதே ஆண்டில் 'தி ஃபீல்டு' படத்தில் ரிச்சர்டு ஹாரிஸின் மனைவியாக நடித்தார். கணவனோடு பல ஆண்டுகளாகப் பேச்சை நிறுத்திவிட்ட பெண் என்பதால் வசனம் மிகக் குறைவு. அந்த வீட்டின் துயரம் முழுவதையும் முகத்தால் மட்டுமே சொல்ல வேண்டிய பாத்திரம் அது. ஆஸ்திரேலியத் தொடர் ஒன்றில் கன்னியாஸ்திரீ, 1996இல் கொல்லப்பட்ட ஐரிஷ் பத்திரிகையாளர் வெரோனிகா கெரினைப் பற்றி 2003இல் வந்த படத்தில் அவருடைய தாய் என்று பிற்கால வேடங்களும் பல உண்டு.

இருப்பினும் எங்கள் பகுதியில் அவரைப் பெயர் தெரியாமலே எல்லோருக்கும் தெரியும். 1992இல் வந்த 'ஹோம் அலோன்' இரண்டாம் பாகத்தில் நியூயார்க் பூங்காவில் தோளிலும் தலையிலும் புறாக்களோடு நிற்கும் பெண்மணி அவரே. புறா வளர்ப்பு எங்கள் பக்கத்து மொட்டைமாடிகளின் உயிர். வானில் குட்டிக்கரணம் அடிக்கும் கர்ணப் புறாவையும், தொலைவிலிருந்து கூடு திரும்பும் ஹோமர் புறாவையும் ஒரு பார்வையில் பிரித்துச் சொல்லும் சிறுவர்கள் இன்றும் இங்கே உண்டு. புறாக் கூண்டோடு வளர்ந்த என் தம்பி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தம்மா கையை ஆட்டவே இல்ல பாருக்கா, அதான் புறா பயப்படாம உக்காருது" என்றான். குழந்தைகள் முதலில் அஞ்சி ஓடி, பிறகு நேசிக்கத் தொடங்கும் அந்தத் தனிமைப் பெண்ணை அவர் கேலிப் பொருளாக்காமல் நடித்திருப்பதற்கும் அந்த அசையாத கைகளே சாட்சி.

நம் மொழியில் இத்தகையோரைக் குணச்சித்திர நடிகர் என்கிறோம். இத்தனை அழகான சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் பெயரை எழுதத் தயங்குகிறோம். 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷின் தாயாக நடித்த எஸ். என். லட்சுமியின் முகத்தை அறியாத வீடு இல்லை. பெயரைக் கேட்டால் பலரும் யோசிக்கிறார்கள். 2012இல் அவர் மறைந்தபோதுதான் என் பேத்தி அந்தப் பெயரையே முதன்முதலாகக் கேட்டாள்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். வெள்ளிக்கிழமை இணைப்பில் மாதம் ஒருமுறையேனும், தமிழிலோ பிறமொழியிலோ, குணச்சித்திர நடிகை ஒருவரைப் பற்றி அவர் வாழும் காலத்திலேயே அரைப்பக்கம் எழுதச் செய்யுங்கள். அதற்கு முன்னதாக, அடுத்த இதழின் திருத்தப் பகுதியில், 'மை லெஃப்ட் ஃபுட்' படத்தில் தாயாக நடித்து ஆஸ்கர் வென்றவர் பிரெண்டா ஃப்ரிக்கர் என்ற ஒரு வரியை வெளியிடுங்கள். எண்பது வயதைக் கடந்த அவர் இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.