கச்சான் பற்றி ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தரம் 3 இல் படிக்கும் நம் மாணவி ஒருத்திக்குக் கச்சான் (நிலக்கடலை) ஒத்துக்கொள்ளாது. அவளுடைய அம்மா அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

போன தவணையில், இடைவேளை நேரம், கூட்டாளி நீட்டிய மிக்சரில் ஒரு பிடி சாப்பிட்டாள். சில நிமிடங்களில் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்பு, பிறகு இருமல், மூச்சிழுப்பு. பூச்சி ஏதும் கடித்திருக்கும் என்று நினைத்து, கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருந்தோம். அப்படி நேரத்தை வீணாக்கியது எங்கள் தவறு. அதிபர் என்ற முறையில் அதற்கு நானே பொறுப்பு. வைத்தியசாலையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம் என்பதால் அன்றிரவு அங்கேயே வைத்துப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று சிலர் அந்தத் தாயிடம் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள், ஆனால் வைத்தியர் இல்லாமல் வீட்டில் அப்படிச் செய்து பார்ப்பது உயிருக்கே ஆபத்து. வறுத்தாலும் பொரித்தாலும் கச்சானின் தன்மை போகாது.

கச்சான் நம் பிள்ளைகளுக்கு மலிவாகக் கிடைக்கும் சத்தான தீனி. மாரியம்மன் கோயில் திருவிழாவில் கச்சான் சுருள் கேட்டு அடம்பிடிக்காத பிள்ளை யார்? அதனால் முழுப் பாடசாலைக்கும் தடை போட எனக்கு மனமில்லை. தடை போட்டுவிட்டோம் என்ற நம்பிக்கையில் கவனம் குறைந்துவிடும் என்ற பயமும் இருக்கிறது. தரம் 3 பெற்றோர் மட்டும் கச்சான், கச்சான் அல்வா, மிக்சர் எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம். மற்றப் பிள்ளைகள் காலையில் கச்சான் சாப்பிட்டிருந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு வரட்டும், வெறும் தண்ணீர் போதாது. பிறந்தநாளுக்கு டொபி, கேக் கொண்டு வருவதென்றால் முதல் நாளே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். வாணி விழாப் பிரசாதத்தில் இந்த வருடம் கச்சான் சேராது.

இன்னொன்று. அவளைத் தனியே உட்கார வைக்க மாட்டோம். "அவள் பக்கத்தில் போகாதே" என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். இது தொற்றுகிற நோயில்லை. "உன் சாப்பாட்டை மட்டும் சாப்பிடு, அவளுக்கு எதுவும் கொடுக்காதே, அவள் முகம் வீங்கினால் ஓடிப்போய் டீச்சரைக் கூப்பிடு" என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

வைத்தியர் எழுதிக் கொடுத்த ஊசி அவள் பையிலேயே இருக்கும். அதைத் தொடையின் வெளிப்பக்கத்தில் போட வகுப்பாசிரியரும் நானும் கற்றுக்கொண்டோம். ஊசி போட்ட கையோடு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைப்போம். நம் தோட்டப் பாதையில், அதுவும் மழை நாளில், அம்புலன்ஸ் ஏறி வர நேரமாகும். அதனால் அது வரும்வரை ஊசி போடாமல் காத்திருக்க முடியாது. அதுவரை அவளை நடக்க விடாமல் காலை உயர்த்திப் படுக்க வைப்போம், மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைப்போம்.

உங்கள் பிள்ளைக்கும் முட்டை, இறால், பால், மருந்து என்று ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்த வாரமே எழுதி அனுப்புங்கள். கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டால் உங்களை ஃபோனில் பிடிப்பது கஷ்டம். அவசரத்துக்கு யாரிடம் சொல்லி அனுப்பலாம் என்பதையும் அந்தத் துண்டிலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
அதிபர்