மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் மரண சகாயச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, சுங்கை சிப்புட் வட்டார உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை, தீபாவளிக்கு அரிசி சாமான், சுடுகாட்டில் இரண்டு கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் பொதுப்பணி) எல்லாம் வழக்கம்போல் நடந்தன. ஒன்பது குடும்பங்களுக்குச் சகாய நிதி கொடுத்தோம்.

மார்ச் மாதம் நடந்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கமுனிங் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து குடியேறிய ஒரு பெரியவர் இரவு இரண்டு மணிக்கு வீட்டிலேயே காலமானார். அவருடைய மகள் எனக்குப் போன் செய்தார். முன்பு இப்படிப் போன் வந்தால் முன்னாள் செயலாளர் ஐயா அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிடுவார். அவர் இப்போது மகனோடு ஜொகூர் பாருவில் இருக்கிறார். போலீஸ் நிலையத்தில் அடக்கம் செய்யும் பெர்மிட் வாங்க யார் யாருடைய ஐசி (அடையாள அட்டை) வேண்டும், சவ வண்டிக்காரர் ராத்திரியில் எந்த நம்பரில் எடுப்பார், பந்தல் கம்பி யார் வீட்டுப் பின்னால் கிடக்கிறது, நாற்காலி ஸ்டோர் சாவி யாரிடம்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காலை ஏழு மணிக்குத்தான் முதல் நாற்காலி வந்து இறங்கியது. அதுவரை அந்த மகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் கேட்பதில்லை.

அதே மாதம் இன்னொன்று. ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு விவரங்களை அனுப்ப வேண்டும். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் அப்படி. இப்போது அது இணையத்தில். அதற்கான பாஸ்வேர்டு ஐயாவின் பழைய கைப்பேசியில் மட்டும் இருந்தது. அவர் தேடி எடுத்துக் கொடுத்தபோது 58ஆவது நாள். ஐயாமேல் எனக்குக் குறையில்லை. 22 வருஷத்தில் நாம் யாரும் அவரிடம் கேட்டு எழுதி வைக்கவில்லை.

ஆகவே ஏப்ரல் முதல் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனேன். பந்தல், பறை, பால் தெளிப்பு, பெர்மிட், வங்கி, பதிவிலாகா என்று இதுவரை 74 பக்கம் எழுதியாகிவிட்டது.

எழுத எழுதத்தான் ஒன்று புரிந்தது. கருமக்கிரியைச் சாப்பாட்டுக்குச் சமைக்கும் அக்காவிடம் 200 பேர் சாம்பாருக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டேன். "கை சொல்லும் தம்பி" என்றார். விடாமல் தராசை அவர் கைக்குக் கீழே நீட்டினேன். முதல் பிடி 62 கிராம், அடுத்தது 41. ஏன் குறைந்தது என்றதற்கு, கரண்டியில் பருப்பை எடுத்து ஊற்றிக் காட்டினார். அன்று பருப்பு கெட்டியாக வெந்திருந்தது. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

நிர்வாகம் படிக்கும் என் மகள் ஒரு கதை சொன்னாள். 1985இல் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் செய்ய முயன்றது. மாவு சரியாகப் பிசைபடவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. இக்குக்கோ தனாக்கா என்ற மென்பொருள் வல்லுநர் ஒசாக்காவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்க் கூடவே நின்று பழகினார். அவர் மாவை முறுக்கி இழுப்பது அப்புறம்தான் கண்ணில் பட்டது. இக்குஜிரோ நொனாக்கா என்ற அறிஞர் இதைத்தான் எடுத்துக் காட்டி, எழுத்தில் அடங்கும் அறிவு வேறு, கையில் ஊறிய அறிவு வேறு என்று விளக்கினாராம். அதைக் கேட்ட பிறகு இரண்டு தங்கைகளை அக்காவோடு அடுப்படியில் நிற்க வைத்தோம். டிசம்பர் சமையலில் ஒருவர் தனியாகவே சாம்பாரை இறக்கினார்.

இதற்காக எட்டு முறை செயலவையைக் கூட்டினேன். பதினொரு பேரில் மூன்று பேருக்கு மேல் வந்ததில்லை. "எல்லாம் வாட்ஸ்அப் புலனத்தில் இருக்கிறதே" என்றார்கள். ஒருவர் கைப்பேசி மாற்றினார். மூன்று வருஷத் தகவல் அதோடு போய்விட்டது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக நிற்கின்றன. கையிருப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாதம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) சந்தாவில் பாதிப் பேருக்குப் பாக்கி. முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் நம் ஊர்க்காரர். 1960 தொடங்கி தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோட்டம் வாங்க வைத்தார். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் உறுப்பினர்கள் வீட்டில் சாவு விழும்வரை காத்திருக்காமல் பாக்கியைக் கட்டிவிட வேண்டும்.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், நாற்காலி தூக்கிய தம்பிகளுக்கும், கணக்காய்வாளர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் பொறுப்பில் இருக்கச் சொன்னால் இருக்கிறேன். ஆனால் துணைச் செயலாளர் நாற்காலி காலியாக இருக்கிறது. எனக்கு வயது 61. நோட்டுப் புத்தகத்தைப் படிக்க மட்டும் ஆள் கேட்கவில்லை. ராத்திரி போன் வந்தால் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி, போலீஸ் நிலையத்துக்கும் சாவு வீட்டுக்கும் கூட வர ஒரு இளைஞர் வேண்டும். கூட்டம் முடிந்து தேநீர் மேசைப் பக்கம் நிற்பேன். பெயரை அங்கே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்