தேங்காய் லாரி அண்ணனுக்கு

கோபாலபுரம் சோதனைச்சாவடிப் பக்கம் எங்கள் தோப்பு. போன செவ்வாய் ராத்திரி எங்கள் நாய் மணி விடாமல் குரைத்ததால்தான் எழுந்து போனேன். என் குதிரை லட்சுமி வியர்த்துக் கொட்டி, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, முன்காலால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தாள். நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டிய நாடி 70ஐத் தொட்டிருந்தது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. புரண்டு அடிபடாமல் அவளை நடத்துவதா, டாக்டரைக் கூட்டிவர ஓடுவதா? நானோ தனியாள்.

அப்போதுதான் லாரியை ஓரங்கட்டி வந்தீர்கள், அண்ணா. "நீ போம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று கயிற்றை வாங்கிக்கொண்டீர்கள். டாக்டர் வந்து ஊசி போட்டும் நீங்கள் கிளம்பவில்லை. விடியும்போது லட்சுமி லத்தி போட்டாள், ஆபத்து நீங்கியது என்று அழுதேவிட்டேன். திரும்பிப் பார்த்தால் லாரி இல்லை. பேர்கூடக் கேட்கவில்லையே. ரொம்ப நன்றி அண்ணா. இந்த வழியாக வந்தால் வீட்டுக்கு வாங்க. மணி உங்களைப் பார்த்துக் குரைக்க மாட்டான்.