ஹிரோஷிமாவுக்கு அரை நாள் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் மேற்கு ஜப்பான் பயணம் பற்றி வெளியான கட்டுரையை ஆவலுடன் படித்தேன். ஒசாகாவுக்கும் கியோட்டோவுக்கும் நாராவுக்கும் 6 நாள்களைத் தாராளமாக ஒதுக்கிய அந்தப் பயணத்திட்டம், ஹிரோஷிமாவையும் மியாஜிமா தீவையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு இரவே கியோட்டோவுக்குத் திரும்பிவிடச் சொல்கிறது. புல்லட் ரயிலில் 2 மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும் என்பதால் அது முடியாத காரியமன்று. ஆனால் அதே வழியில் தனியாக 11 நாள்கள் சுற்றி, ஹிரோஷிமாவில் மட்டும் 3 இரவுகள் தங்கித் திரும்பியவள் என்ற முறையில், அந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

அரை நாளில் வந்துபோகிறவர்கள் காண்பது பெரும்பாலும் அணுகுண்டு மாடத்தை மட்டுமே. செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்சல் வடிவமைத்து 1915-இல் எழுந்த அந்தத் தொழில் பொருட்காட்சி மண்டபத்திலிருந்து சுமார் 160 மீட்டர் தொலைவில், ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில், 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்குக் குண்டு வெடித்தது. வெடிப்பின் விசை மேலிருந்து கீழாக இறங்கியதால்தான் சுவர்களில் ஒரு பகுதி சாயாமல் நின்றது. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஆற்றைக் கடந்து, அமைதி நினைவுப் பூங்காவிலுள்ள அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டுப் படகுத்துறைக்கு ஓடுவதே வழக்கமாகிவிட்டது.

அந்த அருங்காட்சியகத்தை அப்படி நடந்து கடக்க முடியாது. ஒரு கண்ணாடிப் பேழைக்குள் துருவேறிய மூன்று சக்கரச் சிறுவண்டி ஒன்று இருக்கிறது. வீட்டு வாசலில் அதை ஓட்டிக்கொண்டிருந்த, 4 வயதுகூட நிரம்பாத ஷின் என்ற சிறுவன் அன்றிரவே இறந்துபோனான். தனியாகக் கல்லறையில் கிடத்த மனம் வராத தந்தை, வீட்டுத் தோட்டத்திலேயே மகனை அந்த வண்டியோடு சேர்த்துப் புதைத்தார். 40 ஆண்டுகள் கழித்து எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றத் தோண்டியபோது வெளிவந்த வண்டியை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கைப்பிடி சற்றே திரும்பியிருக்கிறது. இருக்கை இருந்த இடத்தில் துரு படலம் படலமாக எழுந்து நிற்கிறது. அதைப் பார்த்தபின் எனக்கு அடுத்த அறைக்குப் போகத் தோன்றவில்லை. வெளியே வந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் காலை மீண்டும் 200 யென் கொடுத்து நுழைந்து மீதியைப் பார்த்தேன். தனியாகப் போனதால் யாரையும் காக்க வைக்காமல் அப்படிச் செய்ய முடிந்தது.

பூங்காவின் நடுவிலுள்ள நினைவு வளைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல்கள் வைக்கப்பட்ட கல்பேழையின் மீது, 'அமைதியாகத் துயிலுங்கள், இந்தப் பிழையை மீண்டும் செய்யமாட்டோம்' என்ற பொருளில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. ஜப்பானிய மூலத்தில் எழுவாய் இல்லை. வினையைக் கொண்டும் செய்பவரைக் கண்டுபிடிக்க முடியாது. டோக்கியோ போர்க்குற்ற வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நம் நாட்டு நீதிபதி ராதாபினோத் பால், 1952-இல் அங்கு வந்தபோது, யாருடைய பிழை என்று கேட்டு அவ்வாசகத்தைக் கண்டித்ததும், அதைத் தொடர்ந்து பெரும் விவாதம் எழுந்ததும் வரலாறு. நான் அங்கு நின்றபடியே அதைத் தமிழாக்கிப் பார்த்தேன். நம் மொழியில் வினைமுற்று விகுதி இல்லாமல் அந்த வரியை முடிக்க முடியவில்லை. '-ஓம்' என்று முடித்தாலோ அது 'நாங்கள்' என்பதற்கும் பொருந்துகிறது, 'நாம்' என்பதற்கும் பொருந்துகிறது. மனிதகுலம் முழுவதையுமே அந்தச் சொற்கள் குறிக்கின்றன என்பது நகராட்சி தரும் விளக்கம். அப்படியானால் அது 'நாம்' தான். வாசித்து நிற்கிறவரும் அதில் அடக்கம்.

குண்டு விழுந்த மூன்றாம் நாளே ஒரு பகுதியில் டிராம் ஓடத் தொடங்கியது என்பதையும், அன்று தப்பிய பழைய பெட்டிகளில் சில இன்றும் தண்டவாளத்தில் இருக்கின்றன என்பதையும் டிராமில் நகரைச் சுற்றுகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பூங்காவிலேயே அவோகிரி மரம் ஒன்று இருக்கிறது. வெடிப்பிலிருந்து 1.3 கிலோமீட்டரில் ஒரு பக்கம் கருகி நின்ற அதை 1973-இல் இங்கே பெயர்த்து நட்டார்கள். தண்டில் குழிந்த வடுவை அதன் பட்டையே இருபுறமும் உதடுபோல் மூடி வளர்ந்திருக்கிறது. நான் போனபோது உச்சியில் அகன்ற இலைகள் பச்சையாக அடர்ந்திருந்தன.

மியாஜிமாவுக்குத் தனி நாள் தேவைப்படுவதற்கு வேறு காரணம் உண்டு. கடலில் நிற்கும் செந்நிறத் தோரி, அதாவது ஷின்டோ கோயிலின் நுழைவாயில், சுமார் 16 மீட்டர் உயரம். இப்போதுள்ளது 1875-இல் எழுப்பப்பட்டது. கடலடி மண்ணில் புதைக்கப்படாமல் தன் எடையாலேயே நிற்கிறது. அலை ஏறும்போது மிதப்பதுபோலத் தெரியும் அதை, நீர் வடிந்தபின் சேற்றில் நடந்துபோய்க் கிட்டத்தில் பார்க்கலாம். இரண்டையும் காண ஓத அட்டவணையைப் பார்த்துக்கொண்டு பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் மிசென் மலையில் ஏறினால், உச்சிக்கு அருகே ஒரு சிறு மண்டபத்தில் அணையாத் தீ ஒன்று எரிகிறது. கூக்காய் என்ற துறவி 806-இல் மூட்டியது என்பது மரபு. புகையேறிக் கறுத்த சுவர்களுக்கு நடுவே பெரிய இரும்புக் கெண்டியில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. கண் எரிச்சலில் அதிக நேரம் நிற்க முடியவில்லை. 1964-இல் ஹிரோஷிமாப் பூங்காவில் ஏற்றப்பட்ட அமைதிச் சுடருக்கு இங்கிருந்தும் நெருப்பு எடுத்துச்செல்லப்பட்டது. அதை அறிந்தபின் அன்று மாலை பூங்காவுக்குத் திரும்பிச் சுடரை மீண்டும் ஒருமுறை பார்த்தேன்.

தனியாகச் சாப்பிடத் தயங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். இந்த ஊர் ஓக்கோனோமியாக்கி, மெல்லிய மாவுத் தகட்டின் மேல் மலைபோல் முட்டைகோஸும் நூடுல்ஸும் குவித்து, முட்டையோடு சேர்த்துத் திருப்பிப்போட்டு அழுத்திச் சுடுவது. பல கடைகளில் சூடான இரும்புத் தகட்டின் ஓரத்தில் ஒற்றை இருக்கைகளே வரிசையாக உள்ளதால், தனி ஆளை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. பன்றி இறைச்சியும் மேலே தூவும் மீன் சீவலும் வேண்டாம் என்பவர்கள், ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்றைக் கையோடு வைத்திருப்பது நல்லது.

ஹிமேஜி கோட்டையைத் தங்கள் கட்டுரையாளர் சொன்னபடியே போகும் வழியில் இறங்கிப் பார்த்துவிடலாம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அத்திட்டத்தை மீண்டும் வெளியிடும்போது, கியோட்டோவின் நாள்களில் இரண்டைக் குறைத்தேனும், ஹிரோஷிமாவில் 2 இரவுகளைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி