பெரியப்பா வாங்காமல் விட்ட போர்வை

ஆசிரியருக்கு வணக்கம்.

பார்வை மங்கிய என் பெரியப்பா செல்போனில், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் வசதியைப் போட்டுக்கொண்டுதான் எதையும் வாங்குவார். போன வாரம் சென்னிமலைப் போர்வை விற்கும் ஒரு கடையின் இணையதளத்தைத் திறந்தார். எந்தப் போர்வையைத் தொட்டாலும் "படம், படம்" என்றே வாசித்தது, வாங்கும் இடத்தில் வெறும் "பட்டன்" என்றது, அட போங்கப்பா என்று மூடிவிட்டு வேறொரு கடையில் இரண்டு ஜோடி வாங்கிவிட்டார். நட்டம் யாருக்குங்க?

படத்தோடு 'நீலக் கட்டம் போட்ட பருத்திப் போர்வை' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அதைக் கூகுளும் படிக்கும், தேடுபவர் கண்ணிலும் கடை படும். வெளிர் சாம்பல் எழுத்தைப் பின்னணியோடு 4.5:1 என்ற அளவுக்காவது ஒளி வேறுபாடு வருமாறு அடர்த்தியாக்கினால், உச்சி வெயிலில் போன் பார்க்கிறவருக்கும் வசதி. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடும் என்னைப் போன்றவர்கள் அதில் சேர்த்தியில்லை.

அப்புறம், ஐரோப்பிய ஒன்றியத்தில் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிற, இணைய விற்பனைக்கும் பொருந்தும் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடப்பில் இருக்கிறது. மிகச்சிறு நிறுவனங்களின் சேவைக்கு விலக்கு உண்டு, சரி, ஆனால் அங்கே நேரடியாக விற்க நினைக்கும் கரூர், திருப்பூர்க்காரர்கள் இணையதளம் செய்து தரும் தம்பிகளிடம் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு பிரித்து மாற்றினால் இரட்டைக் கூலி.

ஒரு வாசகர்,
பெருந்துறை